கைரேகையும் குடியேற்றமும்: டிரான்ஸ்வால் முதல் குருசுக்குப்பம் வரை

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வடக்குப் பார்த்து நடந்தால், சாலை முடிகிற இடத்துக்கு அப்பால் குருசுக்குப்பம் வந்துவிடும். மீனவர் ஊர். ஒரு காலத்தில் படகு ஏற்றிய மணல் கரையைக் கடல் அரித்துவிட்டதால் இப்போது அங்கே கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து பிரெஞ்சுத் துணைத் தூதரகம் நடந்து போகிற தூரம்தான்.

புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தத் தூதரகம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியின் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். ஆனால் சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. சிலர் எழுதிக் கொடுத்தார்கள், பலர் கொடுக்கவில்லை. அதனால்தான் இன்றும் ஒரே தெருவில் ஒரு வீட்டில் பிரெஞ்சு பாஸ்போர்ட்டும், அடுத்த வீட்டில் விசாவுக்கான காத்திருப்பும் இருக்கின்றன. இரண்டு வீட்டுக்கும் பிரான்சில் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். ஒரு வீட்டுக்காரர் டிக்கெட் எடுத்தால் போதும். அடுத்த வீட்டுக்காரர் பத்து விரலையும் காட்ட வேண்டும்.

2015 நவம்பர் 2 முதல் இந்தியாவில் பிரான்ஸ் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளுக்கு விசா கேட்பவர்களிடம் பத்து விரல் ரேகையும் பதியப்படுகிறது. கணினியில் வேலை பார்ப்பவருக்கு இது ஒரு நிமிட வேலை. நாற்பது வருடம் வலைக்கயிறு இழுத்தவர் விரலை வைத்தால்? கண்ணாடியில் கை வைக்கிறார். "மறுபடியும் வைங்க" என்கிறார்கள். துடைத்துவிட்டு வைக்கிறார். "இன்னும் அழுத்தி வைங்க" என்கிறார்கள். ரேகை விழவில்லை. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் தப்பு செய்தவர் மாதிரி நிற்க வேண்டியிருக்கிறது.

குடியேற்றத்துக்கும் கைரேகைக்கும் இடையிலான இந்தத் தகராறு கணினி வந்த பிறகு பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அந்தத் தகராறில் முதலில் சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அப்போதைய பிரச்சினை ரேகை விழாதது அல்ல, ரேகையைக் கேட்டதே பிரச்சினை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு ஒற்றுமை தெரியும்.

கைரேகை எங்கே பிறந்தது?

அடையாளத்துக்காகக் கைரேகையை அரசாங்கம் பயன்படுத்தும் வழக்கம் வளர்ந்தது இந்தியாவில்தான். 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலை போடும் பொருட்களுக்காக ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரிடம் ஓர் ஒப்பந்தம் எழுதினார். பிற்பாடு அவர் பேச்சு மாறிவிடக் கூடாதே என்று அவருடைய உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தத் தாளின் பின்பக்கம் பதிய வைத்தார். ஹெர்ஷலுக்கு இது பிடித்துப்போனது. 1877இல் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது பத்திரப் பதிவு, பென்ஷன், சிறை என்று பல இடங்களில் ரேகை எடுக்க வைத்தார். இறந்துபோனவர் பெயரில் வேறொருவர் வந்து பென்ஷன் வாங்கிப் போகாமல் தடுப்பது அதில் ஒரு நோக்கம்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. லட்சக்கணக்கான ரேகைகளைச் சேர்த்து வைத்தால் அதில் ஒருவருடைய ரேகையை மட்டும் எப்படித் தேடி எடுப்பது? வங்காளப் போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றியிடம் வேலை பார்த்த அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள் இதற்கு வழி கண்டுபிடிப்பதில் பெரும்பங்கு வகித்தார்கள். வட்டம், வளைவு, சுழி என்று ரேகைகளைப் பிரித்து எண் கொடுக்கும் முறை அது. 1897இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் தொடங்கப்பட்டது. முறைக்குக் கிடைத்த பெயர் மட்டும் 'ஹென்றி முறை'!

இதே ஹென்றி 1900இல் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். போயர் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஜோகன்னஸ்பர்க்கில் போலீஸ் துறையை அமைக்க உதவுவது அவர் வேலை. அடுத்த ஆண்டே லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போய்விட்டார். இந்தியாவில் பழகிய முறை இப்படித்தான் கடல் தாண்டியது. இந்தியர்களும் அதே காலத்தில் பிழைப்புக்காகக் கடல் தாண்டிக்கொண்டிருந்தார்கள் என்பது இந்தக் கதையின் அடுத்த பகுதி.

பத்து விரல் சட்டம்

ஜோகன்னஸ்பர்க் இருந்த மாகாணத்தின் பெயர் டிரான்ஸ்வால். தங்கச் சுரங்கங்கள் நிறைந்த இடம். போர் முடிந்து 1902இல் அது முழுமையாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. போரின்போது வெளியேறிய இந்தியர்கள் திரும்பி வந்தார்கள். குஜராத்தி வியாபாரிகள், தமிழ்ச் சிறு வியாபாரிகள், தள்ளுவண்டிக்காரர்கள், தொழிலாளிகள் என்று பலதரப்பட்டவர்கள். அனுமதி இல்லாமல் இந்தியர்கள் கூட்டமாக நுழைகிறார்கள் என்று வெள்ளையர்கள் குற்றம் சாட்டினார்கள்.

1906 ஆகஸ்டில் ஒரு அவசரச் சட்டத்தின் வரைவு அரசிதழில் வந்தது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வோர் இந்தியரும் மறுபடி பதிவு செய்துகொள்ள வேண்டும், பத்து விரல் ரேகையும் கொடுக்க வேண்டும், போலீஸ்காரர் கேட்டால் எந்த நேரத்திலும் சான்றிதழைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் அபராதம், சிறை அல்லது நாடுகடத்தல் என்பது அதன் சாரம். முதல் வரைவில் பெண்களும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். எதிர்ப்பு வந்த பிறகுதான் அவர்களுக்கு விலக்கு கிடைத்தது.

அப்போது அங்கே வக்கீலாக இருந்த காந்தி, ஹென்றி எழுதிய கைரேகைப் புத்தகத்தைப் படித்திருந்தார். சட்டப்படி இப்படி விரல் ரேகை கொடுக்க வேண்டியவர்கள் குற்றவாளிகள் மட்டும்தான் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டார். இந்தச் செய்திதான் மக்களை உலுக்கியது. கையெழுத்துப் போடத் தெரியாதவர் பெருவிரல் வைப்பது பழகிய விஷயம். பத்து விரலும் வைப்பது கள்ளனுக்கு மட்டும் உரியது. 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் சுமார் 3000 பேர் கூடி, இந்தச் சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்று கடவுள் சாட்சியாக உறுதி எடுத்தார்கள். சத்தியாக்கிரகம் தொடங்கியது அந்தக் கூட்டத்தில்தான். இந்திய விடுதலைப் போரின் மிகப் பெரிய ஆயுதம், குடியேற்ற அலுவலகத்தில் கைரேகை கேட்டதால் பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை.

லண்டன் அரசு முதலில் அந்தச் சட்டத்துக்கு ஒப்புதல் தரவில்லை. ஆனால் 1907இல் டிரான்ஸ்வாலுக்குத் தன்னாட்சி கிடைத்ததும் அதே சட்டம் பெயர் மாறி மறுபடி வந்தது. பதிவு அலுவலகங்கள் ஜூலையில் திறந்தன. அலுவலக வாசலில் தொண்டர்கள் நின்று, உள்ளே போக வந்தவர்களிடம் மரியாதையாகப் பேசித் திருப்பி அனுப்பினார்கள். அந்தத் தொண்டர்களுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் தம்பி நாயுடு. மொரீஷியஸில் பிறந்து ஜோகன்னஸ்பர்க்கில் குடியேறியவர், அங்கிருந்த தமிழ்ச் சங்கத்தின் தலைவர். கடைசி நாளான நவம்பர் 30 வரை ஏறக்குறைய 500 பேர்தான் பதிவு செய்திருந்தார்கள். பதிவு செய்ய வேண்டியவர்களோ பல ஆயிரம் பேர்!

கையெழுத்து ஒருவருக்கு, விரல் ஒருவருக்கு

1908 ஜனவரியில் காந்தி, தம்பி நாயுடு, சீனர்களின் தலைவர் லியூங் குயின் உள்ளிட்டோர் சிறைக்குப் போனார்கள். (அந்தச் சட்டம் சீனர்களுக்கும் பொருந்தியது.) சிறையில் இருந்தபடியே இந்த மூவரும் ஒரு சமரசக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். இந்தியர்கள் தாமாகவே முன்வந்து பதிவு செய்துகொள்ள வேண்டும், அப்படிச் செய்தால் கட்டாயச் சட்டத்தை அரசு ரத்து செய்யும் என்பது காந்தி புரிந்துகொண்ட ஒப்பந்தம். அப்படி ஒரு வாக்குறுதி தரவில்லை என்று அமைச்சர் ஸ்மட்ஸ் பின்னாளில் மறுத்தார்.

இந்தச் சமரசத்தில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி இருக்கிறது. படித்தவர்கள், சொத்துள்ளவர்கள், ஊரறிந்தவர்கள் கையெழுத்துப் போட்டால் போதும். மற்றவர்கள் விரல் ரேகை கொடுக்க வேண்டும். அதாவது யாரிடம் கல்வியும் காசும் இருந்ததோ அவருடைய பேனாவை அரசு நம்பியது. இல்லாதவரின் விரலைத்தான் நம்பியது. காந்திக்குக் கையெழுத்துச் சலுகை இருந்தது. ஆனாலும் அவர் பத்து விரல் ரேகையையே கொடுப்பதாக அறிவித்தார். ஏழைகளிடம் கேட்பதைத் தானும் கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

எல்லோரும் அதை ஏற்கவில்லை. பத்து விரல் குற்றவாளிக்கு உரியது என்று இதுவரை சொன்னவர் இப்போது எப்படி மாற்றிப் பேசலாம் என்று பட்டாணியர் ஒருவர் கூட்டத்திலேயே கேட்டார். கட்டாயத்தின் பேரில் கொடுத்தால் இழிவு, மனமுவந்து கொடுத்தால் இழிவில்லை என்பது காந்தியின் பதில். கேட்டவர்களுக்கு அது போதவில்லை. 1908 பிப்ரவரி 10 அன்று காந்தி பதிவு அலுவலகத்துக்கு நடந்து போகும் வழியில் மீர் ஆலம் என்ற பட்டாணியரும் அவருடைய ஆட்களும் அவரைத் தடியால் அடித்தார்கள். கூட வந்த தம்பி நாயுடு குறுக்கே புகுந்து அடி வாங்கினார். காந்தியை ஜோசப் டோக் என்ற பாதிரியார் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். படுக்கையில் கிடந்தபடியே, முதல் ஆளாகப் பதிவு செய்வேன் என்று சொன்ன வாக்கைக் காப்பாற்ற, பதிவாளர் சாம்னியை வரச்சொல்லி பத்து விரலையும் வைத்தார் காந்தி. அந்த அதிகாரியின் கண்கள் கலங்கியதாகக் காந்தியே எழுதியிருக்கிறார்.

மக்கள் பதிவு செய்துகொண்டார்கள், சட்டம் ரத்தாகவில்லை. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி முன்னால் ஒரு பெரிய இரும்புக் கொப்பரையில் பதிவுச் சான்றிதழ்களைக் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். காந்தியை அடித்த மீர் ஆலமும் அந்தக் கூட்டத்துக்கு வந்து, தான் செய்தது தவறு என்று சொல்லித் தன் சான்றிதழை எரிக்கக் கொடுத்தார்.

தமிழர்கள் கொடுத்த விலை

போராட்டம் நீள நீளப் பெரிய வியாபாரிகளில் பலர் ஒதுங்கினார்கள். கடையும் சரக்கும் ஏலத்துக்குப் போகும் என்ற பயம். கடைசிவரை நின்றவர்களில் தமிழர்களே அதிகம். தமிழர்களின் உறுதியைப் பற்றிக் காந்தி பலமுறை புகழ்ந்து பேசியிருக்கிறார்.

சாமி நாகப்பன் என்ற 18 வயது இளைஞர் 1909 ஜூனில் கைதானார். கடுங்காவலில் குளிர்காலத்தில் சாலை வேலைக்கு அனுப்பப்பட்டார். விடுதலையாகிச் சில நாட்களில், ஜூலை 6 அன்று நிமோனியாவில் இறந்தார். நாராயணசாமி என்பவர் கதை இன்னும் கொடுமையானது. 1910இல் பல சத்தியாக்கிரகிகளை அரசு இந்தியாவுக்கு நாடு கடத்தியது. சென்னையில் வந்து இறங்கியவர்களுக்கு ஜி. ஏ. நடேசன் உதவி செய்தார். அவர்களில் சிலர் மறுபடி கப்பலேறித் தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பினார்கள். நாராயணசாமியை எந்தத் துறைமுகத்திலும் இறங்க விடவில்லை. கப்பலின் மேல்தளத்தில் குளிரிலும் காற்றிலும் கிடந்து, கடைசியில் டெலகோவா வளைகுடாவில் 1910 அக்டோபர் 16 அன்று இறந்தார். இன்றைய மொழியில் சொன்னால், குடியேற்ற அலுவலகம் திருப்பி அனுப்பிய ஒருவர் வழியிலேயே இறந்துபோனார்.

1913இல் போராட்டம் மூன்று பவுன் தலைவரி, இந்தியத் திருமணங்கள் செல்லாது என்ற தீர்ப்பு ஆகியவற்றுக்கு எதிராக விரிந்தது. அந்தக் கட்டத்தில்தான் ஜோகன்னஸ்பர்க்கிலேயே பிறந்து வளர்ந்த தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தார்.

இத்தனைக்கும் பிறகு 1914இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. தலைவரி ஒழிந்தது, திருமணங்கள் ஏற்கப்பட்டன. மூன்றாவதாக அந்தச் சட்டத்தில் இருந்தது என்ன தெரியுமா? ஒருவர் தென்னாப்பிரிக்காவில் குடியிருப்பவர் என்ற சான்றிதழில் அவருடைய பெருவிரல் ரேகை இருந்தால், ஆள் அவர்தான் என்று உறுதியானவுடன் அதுவே நாட்டுக்குள் நுழையப் போதுமான ஆதாரம். பத்து விரலை எதிர்த்துத் தொடங்கிய போராட்டம் ஒரு பெருவிரலில் முடிந்தது!

இதைத் தோல்வி என்று சொல்ல முடியாது. 1906இல் கேட்ட ரேகை சந்தேகத்தின் அடையாளம். 1914இல் வைத்த ரேகை உரிமையின் ஆதாரம். விரல் அதேதான். அது என்ன வேலைக்குப் பயன்பட்டது என்பதுதான் மாறியது.

புதுச்சேரி கேட்ட ஐந்து கையெழுத்து

தென்னாப்பிரிக்காவில் இந்த வழக்கு நடந்துகொண்டிருந்த அதே வருடங்களில் புதுச்சேரியும் ஒரு குடியேற்ற ஊராக இருந்தது. ஆங்கிலேயரின் பிடிவாரண்டுக்குத் தப்பி பாரதியார் 1908இல் இங்கே வந்தார். அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று வந்தார். அதே ஆண்டில் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார். பிரெஞ்சுச் சட்டப்படி இவர்கள் எல்லோரும் அன்னியர்கள்.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு ஆங்கிலேயரின் நெருக்கடி அதிகமானது. அதையடுத்து புதுச்சேரியில் அன்னியர் பதிவுச் சட்டம் ஒன்று வந்தது. வெளியிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். சொந்த ஊர் அதிகாரிகளின் நன்னடத்தைச் சான்று வேண்டும், அல்லது உள்ளூரில் மதிப்புள்ள ஐந்து பேர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். தேடப்படும் ஆளுக்குச் சொந்த ஊர் அதிகாரி எப்படி நன்னடத்தைச் சான்று தருவார்? ஐந்து கையெழுத்து ஒன்றுதான் வழி. அரவிந்தர் வந்த புதிதில் தன் வீட்டில் இடம் கொடுத்த கலவை சங்கரச் செட்டியார் இதிலும் முன்னால் நின்று கையெழுத்துகளைத் திரட்டிக் கொடுத்தார். வந்தவர்கள் தப்பித்தார்கள்.

இந்த முறையை ரொம்பப் புகழவும் முடியாது. சங்கரச் செட்டியாரைத் தெரியாத ஒரு கூலித் தொழிலாளிக்கு ஐந்து பெரிய மனிதர்களின் கையெழுத்து எங்கிருந்து கிடைக்கும்? டிரான்ஸ்வாலில் பேனா பிடித்தவருக்குக் கிடைத்த சலுகை இங்கே பெரிய மனிதர்களைத் தெரிந்தவருக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் ஒரு நல்ல விஷயம் இருந்தது. ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழியைச் சட்டமே வைத்திருந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு இன்றைய காலத்துக்கு வரலாம்.

விரல் ஏன் தேய்கிறது?

விரல் ரேகை தாயின் வயிற்றிலேயே, கர்ப்பத்தின் நடுப்பகுதிக்குள் உருவாகிவிடுகிறது. அதன் அச்சு மேல்தோலின் அடிப்பகுதியில் இருக்கிறது. நமக்கு வெளியே தெரிவது அதன் நகல் மாதிரிதான். அதனால் மேல்பகுதி தேய்ந்தாலும் சில வாரங்கள் கைக்கு ஓய்வு கிடைத்தால் பழையபடி அதே ரேகை வளர்ந்துவிடும். ஆழமான வெட்டோ தீக்காயமோ அடியில் இருக்கும் அச்சையே கெடுத்தால்தான் நிரந்தரத் தழும்பு.

பிரச்சினை என்னவென்றால் உழைப்பவர் கைக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை. வலைக்கயிறு, உப்புத்தண்ணீர், மீன் முள், ஐஸ் பெட்டி. கொத்தனாருக்குச் சிமெண்டும் சுண்ணாம்பும். செங்கல் சூளையில் செங்கல். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்குப் பாத்திரம் தேய்க்கும் தூள். இவை தினமும் ரேகையை அராவுகின்றன. வயதானால் தோல் மெலிந்து வறண்டுபோகும். ரேகை எடுக்கும் கருவிகளில் பல, விரல் மேடுகள் கண்ணாடியில் நன்றாகப் படிந்தால்தான் ஒளியை வைத்துப் படம் பிடிக்கும். வறண்ட விரல் சரியாகப் படிவதில்லை. ரேகை இருந்தும் கருவிக்குத் தெரியாது. ரேஷன் கடையில் விரல் விழாமல் திரும்பிப் போகும் பாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

மருந்தும் காரணமாகலாம். சிங்கப்பூரைச் சேர்ந்த 62 வயதான புற்றுநோயாளி ஒருவர் 2008 டிசம்பரில் உறவினர்களைப் பார்க்க அமெரிக்கா போனார். அமெரிக்கா 2004 முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் விமான நிலையத்திலேயே ரேகை எடுத்துவந்தது. இவர் விரலில் ரேகையே இல்லை. நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டு, ஆபத்தில்லாதவர் என்று தெரிந்த பிறகு விட்டார்கள். அவர் சாப்பிட்டுவந்த கேப்சிட்டபின் என்ற மருந்து கை, கால் தோலை உரித்துவிடக்கூடியது. அவருடைய மருத்துவர் 2009இல் ஒரு மருத்துவ இதழில் இதை எழுதி, இந்த மருந்து சாப்பிடுபவர்கள் பயணத்தின்போது டாக்டர் கடிதம் வைத்திருப்பது நல்லது என்று அறிவுறுத்தினார்.

பிறவியிலேயே ரேகை இல்லாதவர்களும் உண்டு. சுவிட்சர்லாந்துப் பெண் ஒருவர் 2007இல் அமெரிக்கா போக முயன்றபோது ரேகை இல்லாததால் சிக்கலில் மாட்டினார். அவருடைய குடும்பத்தில் பலருக்கும் இதே நிலை. 2011இல் விஞ்ஞானிகள் இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த அபூர்வ நிலைக்கு மருத்துவர்கள் வேடிக்கையாக வைத்த பெயர் 'குடிநுழைவுத் தாமத நோய்'!

வேறு சிலர் ரேகையைத் தாமே அழித்துக்கொள்கிறார்கள். 2003 ஜனவரி முதல் ஐரோப்பாவில் அகதி விண்ணப்பம் செய்பவர்களின் ரேகை யூரோடாக் என்ற பொதுத் தொகுப்பில் சேர்க்கப்படுகிறது. முதலில் எந்த நாட்டில் பதிந்தார்களோ அங்கேயே திருப்பி அனுப்பப்படலாம். அதற்குப் பயந்து பிரான்சின் கலே துறைமுகத்தில் காத்துக் கிடந்தவர்களில் சிலர் விரல் நுனியைச் சுட்டுக்கொண்டார்கள். 1908இல் காகிதத்தை எரித்தார்கள். இவர்களிடம் எரிப்பதற்குக் காகிதம்கூட இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

குருசுக்குப்பத்து முதியவர் மாதிரி ஒருவருக்குச் சட்டத்தில் வழி இல்லையா என்றால், இருக்கிறது. 2009இல் இயற்றப்பட்ட ஐரோப்பிய விசா விதித்தொகுப்பு இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளிடம் ரேகை எடுக்க வேண்டியதில்லை. உடல் காரணத்தால் ரேகை கொடுக்கவே முடியாதவர்களுக்கும் விலக்கு உண்டு. பத்து விரலில் ஆறுதான் விழுகிறது என்றால் ஆறை எடுத்துக்கொண்டால் போதும். தற்காலிகமாக முடியவில்லை என்றால் அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ரேகை எடுப்பதில் சிரமம் ஏற்பட்டால் விண்ணப்பதாரரின் கண்ணியம் கெடாதபடி நடைமுறை இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

ஆக 1906இல் எம்பயர் தியேட்டரில் கூடியவர்கள் கேட்ட அந்தக் கண்ணியம் என்ற விஷயம், ஒரு நூற்றாண்டு கழித்து விசா விதியிலேயே ஏறியிருக்கிறது. ஆனால் வரிசையில் நிற்பவருக்கு இது தெரியாது. 'கை தேய்ந்துபோயிருந்தால் உங்களுக்கு இந்த உரிமை உண்டு' என்று யாராவது சொன்னால்தான் தெரியும். தெரியாததால் அவர் தன் கையையே குறை சொல்லிக்கொள்கிறார். வீட்டுக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் தடவுகிறார், இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் இருந்து பார்க்கிறார். (தோலை மென்மையாக்கிவிட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு வைத்தால் பல நேரம் உதவும் என்பது உண்மைதான். எண்ணெய்ப் பிசுக்கோடு வைத்தால் இன்னும் மோசமாகும்.)

1908இல் படித்தவருக்குக் கையெழுத்து, உழைப்பாளிக்கு விரல் என்று இருந்தது. அது பாகுபாடு என்று எல்லோருக்கும் பளிச்சென்று தெரிந்தது. இன்று எல்லோருக்கும் ஒரே விதி, எல்லோரும் பத்து விரல் வைக்க வேண்டும். கேட்பதற்குச் சமத்துவமாக இருக்கிறது. ஆனால் யாருடைய விரல் விழவில்லை என்று பார்த்தால் மறுபடியும் அதே ஆட்கள்தான் நிற்கிறார்கள்: வலை இழுத்தவர், கல் சுமந்தவர், பாத்திரம் தேய்த்தவர், வயதானவர். அன்று சட்டத்தில் எழுதியிருந்த வேறுபாடு இன்று கண்ணாடியில் தானாகவே விழுகிறது.

கைரேகையே வேண்டாம் என்று சொல்வது இன்று நடக்கிற காரியமில்லை. ஆள்மாறாட்டமும் போலி பாஸ்போர்ட்டும் உண்மையான பிரச்சினைகள். தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கே கடைசியில் பெருவிரல் ஒரு பாதுகாப்பாகத்தான் அமைந்தது. அவர்கள் எதிர்த்தது மையை அல்ல, தங்களை முன்கூட்டியே குற்றவாளியாக நினைத்ததை. அந்தப் பாடம் இன்றைக்கும் பொருந்தும். விரல் விழாதபோது கருவியைச் சந்தேகிக்க வேண்டுமே தவிர மனிதரை அல்ல. விழாதவருக்கு இருக்கும் மாற்று வழியை வாசலிலேயே, தமிழிலேயே எழுதி ஒட்டி வைத்தால் பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.